தாயைக் காத்தால் பிள்ளை பிழைக்கும்: போட்ஸ்வானா கற்ற பாடம்

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. கிருமி தொற்றுவதை ஒழிக்கும் பாதையில் போட்ஸ்வானா என்னும் நாடு பெரும் தூரம் கடந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. 'வெள்ளி நிலை' என்பது அந்தச் சான்றின் பெயர். எய்ட்ஸ் நோய் கடுமையாகப் பரவிய நாடுகளில் இந்தச் சான்றை முதன்முதலில் பெற்றது போட்ஸ்வானாதான்.

இதற்கு முன்பே கியூபா 2015-லும், தாய்லாந்து 2016-லும், நம் அண்டை நாடான இலங்கை 2019-லும் முழுச் சான்று பெற்றுவிட்டன. அப்படியிருக்க, வெள்ளி நிலைக்கு ஏன் இவ்வளவு பாராட்டு என்று கேட்கலாம். அந்த நாடுகளில் கர்ப்பிணிகளுக்குள் எச்.ஐ.வி. உள்ளவர்கள் மிகச் சிலரே. போட்ஸ்வானாவிலோ 2000-ம் ஆண்டு வாக்கில் கர்ப்பிணிகளில் மூன்று பேருக்கு ஒருவர் என்ற கணக்கையும் தாண்டி அந்தக் கிருமி இருந்தது. சொட்டுகிற கூரையை அடைப்பது வேறு. வெள்ளத்தில் மூழ்கிய வீட்டை மீட்பது வேறு.

எப்படி மீட்டார்கள்? மருந்து இருந்தது, பணமும் இருந்தது. ஆனாலும் வழி தெரிய இருபது ஆண்டுகள் பிடித்தன. நடுவில் ஒரு பெரிய தவறும் நேர்ந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகள் அதற்குப் பலியானார்கள்.

எங்கே இருக்கிறது போட்ஸ்வானா?

தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே, கடற்கரையே இல்லாத நாடு போட்ஸ்வானா. பரப்பளவு சுமார் 5,80,000 சதுர கிலோ மீட்டர். அதாவது, தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். ஆனால் 2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் இருபத்து மூன்றரை லட்சம்தான். நாட்டின் பெரும்பகுதி கலஹாரிப் பாலைவனம். மாடு வளர்ப்பது மக்களின் பழைய தொழில். அங்கே நாணயத்தின் பெயர் 'பூலா'. மழை என்று பொருள். பொதுக்கூட்டங்களில் வாழ்த்துச் சொல்லாகவும் மக்கள் 'பூலா' என்றே முழங்குவார்கள்.

1966-ல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றபோது உலகத்தின் பரம ஏழை நாடுகளில் ஒன்றாக அது இருந்தது. அடுத்த ஆண்டே ஓராபா என்ற இடத்தில் வைரம் கிடைத்தது. பல நாடுகளில் இப்படிக் கிடைத்த செல்வம் சிலர் பைக்குள் போய் மறைந்தது. போட்ஸ்வானா அரசாங்கம் அதில் பெரும் பங்கைச் சாலைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும் செலவிட்டது. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய எல்லோருமே கிளினிக்குக்கு வந்து பரிசோதனை செய்துகொள்வதும், ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் பார்த்துக்கொள்வதும் அங்கே வழக்கமாயிற்று. பின்னாளில் கைகொடுத்தது இந்த வழக்கம்தான்.

1985-ல் அந்த நாட்டில் முதல் எய்ட்ஸ் நோயாளி கண்டறியப்பட்டார். பதினைந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. அறுபது வயதைத் தாண்டியிருந்த சராசரி ஆயுள் ஐம்பது அளவுக்கு இறங்கியது. ஆசிரியர்கள், நர்ஸுகள், சுரங்கத் தொழிலாளர்கள் என்று வேலை செய்யும் வயதினர் மடிந்தார்கள். பேரப் பிள்ளைகளைப் பாட்டிமார்கள் வளர்த்தார்கள்.

கிருமி போகும் மூன்று வழிகள்

தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எந்த மருந்தும் கொடுக்காமல் விட்டால்கூட, நூறு தாய்மார்களுக்குப் பிறக்கும் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத்தான் கிருமி தொற்றும். மற்றவர்கள் தப்பிவிடுவார்கள். எவ்வளவு காலம் தாய்ப்பால் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து இந்த எண்ணிக்கை கூடும், குறையும்.

கருப்பையில் இருக்கும்போது தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் நேரே கலப்பதில்லை. நஞ்சு நடுவில் நின்று காவல் காக்கிறது. உணவு போகும், கிருமி பெரும்பாலும் போகாது. சில சமயம் அந்தக் காவலையும் மீறிப் போய்விடும். இது முதல் வழி.

பிரசவ நேரத்தில் தாயின் இரத்தமும் மற்றத் திரவங்களும் குழந்தையின் மேல் படுகின்றன. கிருமி தொற்ற அதிக வாய்ப்புள்ள நேரம் இதுதான். இது இரண்டாவது வழி. மூன்றாவது வழி தாய்ப்பால். ஒரு நாள் பாலில் அபாயம் சிறிது. மாதக்கணக்கில் கொடுக்கும்போது அது சேர்ந்துகொண்டே போகும்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. தாயின் இரத்தத்தில் கிருமியின் அளவு எவ்வளவோ, பிள்ளைக்கு அபாயமும் அவ்வளவு. தாயின் உடம்பில் கிருமி அடங்கிவிட்டால் மூன்று வழிகளும் ஒரே சமயத்தில் அடைபட்டுவிடும். இன்று இது எளிதாகத் தெரிகிறது. ஆனால் ஆரம்பத்தில் டாக்டர்களின் கவனம் எல்லாம் பிள்ளையின் மேலேயே இருந்தது.

ஒரு மாத்திரை, சில சொட்டு மருந்து

1994-ல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆராய்ச்சி முதல் நம்பிக்கையைக் கொடுத்தது. ஏ.இசட்.டி. என்ற மருந்தைக் கர்ப்ப காலத்திலும், பிரசவத்தின்போது ஊசி வழியாகவும், பிறகு குழந்தைக்கும் கொடுத்தார்கள். நூற்றுக்கு 25 குழந்தைகளுக்குத் தொற்றிக்கொண்டிருந்தது 8 ஆகக் குறைந்தது. ஆனால் செலவு அதிகம், மாதக்கணக்கில் கொடுக்கவேண்டும். ஏழை நாடுகளுக்கு எட்டாத கனி.

1999-ல் உகாண்டா நாட்டின் தலைநகரான கம்பாலாவிலிருந்து வேறொரு செய்தி வந்தது. நெவிரபின் என்ற மருந்தில் ஒரே ஒரு மாத்திரையைப் பிரசவ வலி கண்டதும் தாய்க்குக் கொடுத்தார்கள். மூன்று நாளைக்குள் குழந்தைக்குச் சிறிதளவு திரவ மருந்தைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். குறுகிய கால ஏ.இசட்.டி. பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேருக்குத் தொற்றியிருந்தபோது, இந்த முறையில் 13 பேருக்கு மட்டுமே தொற்றியது. செலவு சில டாலர்கள்தான்.

இந்த மருந்தைக் கொடுக்காமல் தயங்கிய தென்னாப்பிரிக்க அரசாங்கத்தின் மீது மக்கள் இயக்கம் ஒன்று வழக்குத் தொடர்ந்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் இதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2002 ஜூலையில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது. எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்தன.

ஆனால் அந்த ஒரு மாத்திரையைத் தாய் தன் பிள்ளைக்காகத்தான் விழுங்கினாள். அவளுடைய நோய்க்கு அதில் மருந்து இல்லை. பிரசவம் முடிந்ததும் அவள் அதே நோயோடு வீட்டுக்குப் போனாள். அந்த மருந்தை எதிர்க்கும் சக்தியும் சிலருடைய உடம்பில் இருந்த கிருமிக்கு வந்துவிட்டது. தாய் இறந்துபோனால், கிருமி இல்லாமல் தப்பிய குழந்தைகூட நீண்ட நாள் தாக்குப்பிடிப்பது கடினம்.

மருந்து வந்தது, தாய்மார் வரவில்லை

போட்ஸ்வானா 1999-ல் கேபரோன், பிரான்சிஸ்டவுன் ஆகிய இரு நகரங்களில் திட்டத்தைத் தொடங்கியது. 2001 முடிவதற்குள் அதை நாடு முழுவதும் விரித்தது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய்க்கு ஏ.இசட்.டி. மாத்திரை, பிறந்த குழந்தைக்குத் திரவ மருந்து, ஓர் ஆண்டுக்கு இலவசப் பால் பவுடர். எல்லாவற்றுக்கும் அரசாங்கமே பொறுப்பு.

எல்லாம் இருந்தும் முதல் ஆண்டுகளில் பலன் குறைவாகவே இருந்தது. காரணம் எளியது. தாய்க்குக் கிருமி இருப்பது தெரிந்தால்தானே மருந்து கொடுக்க முடியும்? தெரிந்துகொள்ளப் பல பெண்கள் விரும்பவில்லை. விரும்புகிறவள் தானாக வாய் திறந்து, "எனக்கு எய்ட்ஸ் பரிசோதனை செய்யுங்கள்" என்று கேட்கவேண்டிய முறை அப்போது இருந்தது. கேட்டாலே சந்தேகம். இருப்பது தெரிந்தால் கணவன் வீட்டை விட்டுத் துரத்துவானோ என்ற பயம். குடும்பத்தில் முதலில் பரிசோதனைக்கு உட்படுகிறவள் பெண் என்பதாலேயே, நோயைக் கொண்டுவந்தவள் அவள்தான் என்ற பழியும் அவள் தலையில்தான் விழும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு தெரிந்துகொண்டாலும் அவளுக்கு என்ன கிடைக்கும்? அவளுடைய உயிரைக் காக்க அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தில்லை.

2002 ஜனவரியில் இந்த நிலை மாறத் தொடங்கியது. கேபரோன் நகரின் பிரின்சஸ் மரீனா ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்டது. 'மாசா' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விடியல் என்று பொருள். பிறர் தோளில் சாய்ந்து வந்தவர்கள் சில மாதங்களில் எழுந்து வேலைக்குப் போனதை ஊர் கண்ணால் பார்த்தது. பரிசோதனை செய்துகொண்டால் தனக்கும் பயன் உண்டு என்பது பெண்களுக்குப் புரிந்தது.

அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் பெஸ்டஸ் மொகாய். தன் நாட்டு மக்கள் அழிவின் விளிம்பில் நிற்கிறார்கள் என்று உலக மன்றங்களில் ஒளிக்காமல் பேசியவர் அவர். அவருடைய ஆட்சியில் 2004-ல் புதிய முறை வந்தது. கிளினிக்குக்கு வரும் எல்லோருக்கும் மற்ற இரத்தப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யப்படும், வேண்டாம் என்பவர்கள் மறுத்துவிடலாம். இப்படிச் செய்தால் கர்ப்பிணிகள் கிளினிக்குக்கே வராமல் போய்விடுவார்கள் என்று சிலர் எச்சரித்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. பிரான்சிஸ்டவுன் கிளினிக்குகளில், அதற்கு முன்பு நான்கு கர்ப்பிணிகளில் மூன்று பேர் பரிசோதனை செய்துகொண்டார்கள். புதிய முறை வந்த சில மாதங்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் செய்துகொண்டார்கள். எல்லோருக்கும் செய்வது என்றானதும் யாரும் யாரையும் சந்தேகமாகப் பார்க்கவேண்டியதில்லை அல்லவா?

பால் டின் கொண்டுவந்த துயரம்

தாய்ப்பால் வழியாகக் கிருமி போகிறது என்றால் தாய்ப்பாலை நிறுத்திவிடலாமே? பணக்கார நாடுகள் அப்படித்தான் செய்தன. போட்ஸ்வானாவும் அதைப் பின்பற்றி, எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களுக்கு இலவசமாகப் பால் பவுடர் கொடுத்தது. நல்ல எண்ணத்தோடு, தன் சொந்தப் பணத்தில் செய்த காரியம் அது.

ஆனால் பால் பவுடரைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும். அதைக் கொதிக்கவைக்க விறகோ எரிவாயுவோ வேண்டும். புட்டியைக் கழுவவேண்டும். நடுநிசியில் குழந்தை அழுதாலும் இத்தனையையும் செய்தாகவேண்டும். போதாக்குறைக்கு, கையில் பால் டின்னோடு ஒரு பெண் வீதியில் நடந்தாலே அக்கம்பக்கத்தார் விஷயத்தை ஊகித்துவிடுவார்கள். பிள்ளை பெற்றவள் தன் தாயின் பராமரிப்பில் வீட்டுக்குள் தங்கியிருப்பது அங்கேயும் வழக்கம். பேரப்பிள்ளைக்கு ஏன் முலை கொடுக்கவில்லை என்று கிழவி கேட்டால் என்ன சொல்வது?

2001-க்கும் 2003-க்கும் இடையே தாய்மார் 1,200 பேரைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. 'மாஷி' என்று அதற்குப் பெயர். அந்த நாட்டு செட்ஸ்வானா மொழியில் பால் என்று பொருள். பாதிப் பேர் தாய்ப்பால் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஏ.இசட்.டி. மருந்தும் தரப்பட்டது. மற்றப் பாதிப் பேர் புட்டிப்பால் கொடுத்தார்கள். ஏழாவது மாத முடிவில் பார்த்தபோது, புட்டிப்பால் குடித்த குழந்தைகளில் கிருமி தொற்றியது நூற்றுக்கு 5.6 பேருக்கு; தாய்ப்பால் குடித்தவர்களில் 9 பேருக்கு. இதுவரை புட்டிப்பாலுக்கே வெற்றி. ஆனால் இறந்த குழந்தைகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு திரும்பியது. புட்டிப்பால் குடித்தவர்களில் நூற்றுக்கு 9.3 பேர் இறந்திருந்தார்கள். தாய்ப்பால் குடித்தவர்களில் 4.9 பேர். ஒன்றரை வயது முடிவில், கிருமியும் தொற்றாமல் உயிரோடும் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எச்.ஐ.வி.யிலிருந்து தப்பிய குழந்தைகளை வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் கொண்டுபோயிருந்தன.

இந்த எச்சரிக்கை புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பே அது தெருவில் நிஜமாகிவிட்டது. 2005-ம் ஆண்டு இறுதியிலும் 2006 தொடக்கத்திலும் போட்ஸ்வானாவில் வழக்கத்துக்கு மாறாகப் பெருமழை பெய்தது. மழையையே வாழ்த்தாகச் சொல்லும் நாட்டில் அந்த மழை குடிதண்ணீரைக் கெடுத்தது. வயிற்றுப்போக்கு காட்டுத்தீ போலப் பரவியது. 2006-ம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 500 பேருக்கும் மேல் வயிற்றுப்போக்கில் இறந்துபோனார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வந்த கைக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள் என்று தெரிந்தது.

ஒரு கிருமியிலிருந்து காப்பாற்றக் கொடுத்த பால், பல கிருமிகளுக்கு வாசலைத் திறந்துவிட்டது. தாய்ப்பால் வெறும் உணவல்ல. குழந்தைக்கு நோய்த் தடுப்பும் அதுதான் என்று பாட்டிமார்கள் அனுபவத்தில் அறிந்ததை டாக்டர்கள் புள்ளிவிவரத்தில் பார்த்தார்கள்.

தாய்க்கே மருந்து

அப்படியானால் என்ன செய்வது? தாய்ப்பால் கொடுத்தால் எச்.ஐ.வி.; கொடுக்காவிட்டால் வயிற்றுப்போக்கு. இந்த முடிச்சை அவிழ்த்ததும் போட்ஸ்வானாவில் நடந்த ஓர் ஆராய்ச்சிதான். அதன் பெயர் 'ம்மா பானா'. பிள்ளைகளின் தாய் என்று பொருள்.

2006-க்கும் 2008-க்கும் இடையே சேர்க்கப்பட்ட எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு மூன்று மருந்துகள் அடங்கிய கூட்டுச் சிகிச்சை தரப்பட்டது. பிரசவத்துக்குப் பிறகும், பால் கொடுத்த ஆறு மாதமும் அதைத் தொடர்ந்தார்கள். குழந்தைகள் தாய்ப்பாலே குடித்தார்கள். 2010-ல் முடிவு வெளியானது. கிருமி தொற்றிய குழந்தைகள் நூற்றுக்கு 1.1 பேர் மட்டுமே!

இதன் பொருள் என்ன? தாய்க்கு முறையாகச் சிகிச்சை கொடுத்தால் அவள் உடம்பில் கிருமி அடங்கும், பாலிலும் அடங்கும். தாயும் பிழைப்பாள், பிள்ளையும் பிழைக்கும், தாய்ப்பாலையும் நிறுத்தவேண்டாம். பிள்ளைக்காகத் தாய்க்கு ஒரு மாத்திரை என்று தொடங்கிய மருத்துவம், தாயின் உயிருக்காகவே மருந்து என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2011-ல் மலாவி என்ற மற்றோர் ஏழை ஆப்பிரிக்க நாடு, எச்.ஐ.வி. உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஆயுள் முழுவதும் சிகிச்சை என்று அறிவித்தது. பிறகு உலகமே அந்த வழியைப் பின்பற்றியது.

குழந்தைகளைப் பரிசோதிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தாயின் உடம்பில் உண்டான எதிர்ப்புப் பொருள் குழந்தையின் இரத்தத்தில் ஒன்றரை வயது வரை இருக்கக்கூடும். ஆகவே வழக்கமான பரிசோதனை, நோயில்லாத குழந்தைக்கும் நோய் இருப்பதாகக் காட்டிவிடும். இதற்காகக் குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, தாளில் உலரவைத்து, பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, கிருமியையே நேரடியாகத் தேடும் முறை வந்தது. ஆறு வாரக் குழந்தைக்கே உண்மை தெரிந்துவிடும்.

மும்பையிலிருந்து கிடைத்த விலை

இந்தக் கூட்டு மருந்தின் விலை 2000-ம் ஆண்டில் ஒருவருக்கு ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் இருந்தது. 2001 பிப்ரவரியில், மும்பையில் தலைமையகம் கொண்ட சிப்லா நிறுவனம், அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குக் கொடுக்க முடியும் என்று அறிவித்தது. உலக மருந்துச் சந்தையே அதிர்ந்தது. பெரிய கம்பெனிகளும் விலையைக் குறைக்க நேர்ந்தது. இன்று ஆப்பிரிக்க நாடுகள் பயன்படுத்தும் எய்ட்ஸ் மாத்திரைகளில் பெரும்பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் தயாராகின்றவை. ஏதோ ஓர் ஆப்பிரிக்கக் கிராமத்தில் ஒரு தாய் தினமும் விழுங்கும் மாத்திரையில் இங்குள்ள தொழிலாளியின் உழைப்பும் இருக்கிறது.

புதிய மாத்திரையும் புதிய பயமும்

2016-ல் போட்ஸ்வானா, டோலுடெக்ராவிர் என்ற புதிய மருந்தை நாடு முழுவதும் கொடுக்கத் தொடங்கியது. விரைவாகக் கிருமியை அடக்கும். பக்க விளைவும் குறைவு. 2018 மே மாதம் திடுக்கிடவைக்கும் தகவல் ஒன்று வெளியாயிற்று. கருத்தரிக்கும்போதே இந்த மருந்தைச் சாப்பிட்டுவந்த தாய்மாரின் 426 பிரசவங்களில் நான்கு குழந்தைகளுக்கு மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாகாத குறை இருந்தது. மற்றவர்களிடம் இது ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது.

உடனே பல நாடுகளில் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களுக்கு இந்த மருந்து மறுக்கப்பட்டது. ஆண்களுக்கு நல்ல மருந்து. பெண்களுக்குப் பழைய மருந்து. இது நியாயமா என்று எச்.ஐ.வி. உள்ள பெண்களே எழுந்து கேட்டார்கள். முடிவெடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்; உண்மையைச் சொல்லுங்கள், நாங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

போட்ஸ்வானா எண்ணுவதை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் மருத்துவச்சிகள் தலை முதல் கால் வரை பார்த்துப் பதிவு செய்தார்கள். 2019-ல் 1,683 பிரசவங்களைக் கணக்கிட்டபோது குறையுள்ளவை ஐந்துதான். மேலும் எண்ணப் போக, மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று தெளிவாயிற்று. 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்கும் இதையே முதல் மருந்தாகப் பரிந்துரைத்தது. பயத்தைப் போக்கியது அந்த மருத்துவச்சிகளின் பதிவேடு.

பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள்

ஒரு குறை மட்டும் நெடுநாள் நீடித்தது. இலவசச் சிகிச்சை போட்ஸ்வானாவின் குடிமக்களுக்கு மட்டும் என்று விதி. பக்கத்து ஜிம்பாப்வேயிலிருந்து வீட்டு வேலைக்கும், பண்ணை வேலைக்கும், கட்டட வேலைக்கும் வந்தவர்களுக்கு அது கிடையாது. ஒரே வார்டில், அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு கர்ப்பிணிகள். ஒருத்திக்கு மருந்து உண்டு. மற்றவளிடம் அதற்குரிய அடையாள அட்டை இல்லை. கிருமிக்கு எந்த நாட்டு அட்டை என்பது தெரியுமா?

வெளிநாட்டவரை விட்டுவிட்டு நோயை ஒழிக்க முடியாது என்பதை அரசாங்கம் உணர்ந்தது. அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவருக்கும் இலவசச் சிகிச்சை உண்டு என்று 2019-ல் அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் வெள்ளிச் சான்று வந்தது. அதற்கான நிபந்தனைகள்: தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவது நூற்றுக்கு ஐந்துக்குக் குறைவாக இருக்கவேண்டும். நூறு கர்ப்பிணிகளில் தொண்ணூறு பேருக்காவது பிரசவத்துக்கு முந்தைய கவனிப்பும், நோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சையும் கிடைத்திருக்கவேண்டும். லட்சம் பிரசவத்துக்கு 500-க்குக் குறைவான குழந்தைகளுக்கே தொற்றியிருக்கவேண்டும். மூன்றையும் போட்ஸ்வானா எட்டிப்பிடித்தது.

இத்தோடு கதை முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. கிருமி அடங்கியிருக்கிறதே தவிர, தாயின் உடம்பை விட்டுப் போவதில்லை. மாத்திரை நின்றால் அது மறுபடி தலைதூக்கும். வைர வியாபாரம் படுத்துப்போய் அரசாங்கத்தின் கையில் பணம் குறைந்த நிலையில், 2025 ஆகஸ்டில் மருந்துத் தட்டுப்பாடு காரணமாக ஜனாதிபதி டூமா போகோ நாட்டில் பொது சுகாதார நெருக்கடி நிலையை அறிவிக்க நேர்ந்தது. இருபது ஆண்டுகளில் கட்டிய கோட்டையும் தினசரி மாத்திரை என்ற செங்கல்லின் மேல்தான் நிற்கிறது.

நம் குடும்பங்களுக்கு

இந்தியாவிலும் கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். கிருமி இருப்பது தெரிந்தால் ஆயுள் முழுவதும் இலவச மாத்திரை, குழந்தைக்குச் சில வாரம் திரவ மருந்து, பரிசோதனை. தாய் சிகிச்சையில் இருந்தால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்படிதான் இங்கும் ஆலோசனை சொல்கிறார்கள். 2017-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவருக்கு இந்நோய் இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக்கூடாது. இதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கவும் கூடாது.

வெளியூரில் பிழைக்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கர்ப்ப காலத்தில் பரிசோதனை நடப்பது ஓர் ஊரில். பிரசவம் நடப்பது தாய்வீடு இருக்கும் வேறோர் ஊரில். ரயில் ஏறும்போது துணிமணியை மறக்காமல் எடுத்து வைக்கிறவர்கள் ஆஸ்பத்திரி அட்டையை மறந்துவிடுகிறார்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அந்த அட்டையில் இருக்கின்றன. ஏற்கெனவே எய்ட்ஸ் சிகிச்சையில் இருப்பவர்கள், தாங்கள் மருந்து வாங்கும் மையத்திலேயே கேட்டால், போகிற ஊரில் உள்ள மையத்துக்கு மாற்றுச் சீட்டு எழுதித் தருவார்கள். ஒரு நாளும் மாத்திரை விட்டுப்போகாது.

மனைவி பரிசோதனைக்குப் போகும்போது கணவனும் உடன் போய்த் தானும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பழி ஒருத்தியின் தலையில் விழாது, பயமும் பாதியாகும். சந்தேகம் கேட்க 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை, பெயர் சொல்லவேண்டியதும் இல்லை.